புதுநெல் ஓடும்போது சொல்லக்கூடாத சொல்

துணுக்காய்
2025 ஜனவரி 28

வவுனியாவில் மின்விசிறிக்குக் கீழே கதிரை போட்டு இருந்துகொண்டு, இந்தத் தீவிலுள்ள தொழிலாளர்களின் கைகால்கள் அத்தனையையும் காப்பாற்றும் உத்தியோகம் பார்க்கிற என் அக்காவின் மகள் ஜெயரூபிக்கு, துணுக்காய் அரிசி ஆலையின் மெசின் தலைவரும், உமிப்புயலை வெறும் வாயால் ஊதித் திருப்பியவருமாகிய பொன்னையா மாமா எழுதிக்கொள்வது.

உன்னோடு இனிக் கதைக்கமாட்டேன் என்று முழு ஆலைக்கும் முன்னால் நான் சத்தியம் செய்தது உனக்கு நினைவிருக்கும். அந்தச் சத்தியம் ஆடாமல் அசையாமல் இருக்கிறது. ஞானேஸ்வரி மாமி போனை என் காதில் வைத்து அமத்திப் பார்த்தார்; நான் பல்லைக் கடித்துக்கொண்டு கல்லாக இருந்தேன். ஆனால் எழுதமாட்டேன் என்று நான் சத்தியம் செய்யவில்லை. இதை வவுனியா பஸ் கொண்டக்டரிடம் கொடுத்துவிடுகிறேன். பதில் எழுதும் துணிவு உனக்கு இருந்தால் அவரிடமே கொடு.

படித்தவர்களுக்கு மறதி கூட. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். தலையில் மஞ்சள் தொப்பியும் கையில் படங்களுமாக எங்கள் ஆலைக்குப் பாதுகாப்பு வகுப்பெடுக்க வந்தாய். மெசின் பெல்ட்டுக்குக் கம்பிக்கூடு போடவேண்டும் என்றாய். பொறுத்தேன். சாரம் கட்டிக்கொண்டு பெல்ட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது என்றாய். சாரத்தோடு பிறந்து சாரத்தோடு வளர்ந்த இந்த வம்சத்தைப் பார்த்து அப்படிச் சொன்னாய், அதையும் பொறுத்தேன். பிறகு ஒரு கேள்வி கேட்டாய். ஒருவர் மெசினில் மாட்டுப்பட்டால் என்ன சொல்லிக் கத்துவீர்கள் என்று.

முழு ஆலையும், நான் பழக்கியபடியே, ஒரே குரலில் ‘பொலி வளரட்டும், பொலி வளரட்டும், பொலி வளரட்டும்’ என்றது. எனக்கு மயிர் சிலிர்த்தது. கூரைத் தகரம் எழும்பி இருந்தது. நீ என்ன செய்தாய்? சிரித்தாய். சிரித்துவிட்டு, “மாமா, உதைச் சொல்லி முடிக்க முதல் கை உமியோட போயிடும்” என்றாய்.

கேள் பிள்ளை. களத்தில் நெற்கதிரைச் சூடடிக்கும்போது போதும், முடிந்தது, நிப்பாட்டு என்ற சொற்களை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. எடுத்தால் விளைச்சல் வற்றிப்போகும். இப்போது வெட்டு மெசின் வயலுக்குள்ளேயே வெட்டி, அடித்து, நெல்லைக் கையில் தந்துவிடுகிறது. களமே இல்லை. அதனால் அந்த முறையை ஆலைக்குக் கொண்டுவந்து குடியேற்றியவன் நான். காலபோக அறுவடையின் புதுநெல் ஓடி முடியும்வரை என் மெசினுக்குப் பக்கத்தில் ஒருவரும் ‘நிப்பாட்டு’ என்று சொல்லக்கூடாது. மெசின் நிற்கவேண்டுமென்றால் நெற்குவியலாகிய பொலியை மூன்று தரம் வாழ்த்தவேண்டும். மூன்றாம் வாழ்த்துக்கு என் கை மெசினை அணைக்கும் ஆளிக்குப் போகும். இதுதான் சட்டம்.

நீயோ தூணில் ஒரு சிவப்பு ஆளியைப் பொருத்திவிட்டு, அவசரத்துக்கு இதை ஆரும் அமத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். ஆரும் அமத்தலாமென்றால் பிறகு நான் எதற்கு?

வருகிற திங்கட்கிழமை புதுநெல் ஓடுகிறது. உன் சிவப்பு ஆளிக்குக் கிட்ட ஒரு ஈ கூடப் போகக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
சினம் ஆறாத மாமா

*

வவுனியா
2025 ஜனவரி 30

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. கொண்டக்டர் அண்ணை அதை இரண்டு கையாலும் தந்தார். ராசா அனுப்பின ஓலை என்று சொல்லிக் கொடுத்துவிட்டீர்களாம்.

சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்னதற்குக் கேட்கமாட்டேன்.

என்னுடைய வேலை மின்விசிறிக்குக் கீழே மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் அடிபட்டவர்களைப் பார்ப்பதும் அதில் ஒன்று. போன மாதம் மரம் அரியும் மில் ஒன்றில் வேலை செய்த ஒருவரைப் பார்த்தேன். தேநீர் கொடுத்தால், இல்லாத விரல்களை நீட்டிக் கோப்பையைப் பிடிக்கப் பார்க்கிறார். பக்கத்தில் நின்ற எல்லோரும் கத்தினார்களாம். ஒருவர் ஐயோ என்றார், ஒருவர் முருகா என்றார், ஒருவர் அவருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஆளிக்குக் கிட்ட நின்றவர் அவர்களைத் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று அவருக்கு விளங்கவில்லை.

பொலியை வாழ்த்துங்கோ மாமா, விடிய விடிய வாழ்த்துங்கோ. ஆனால் ஒரு மனிதன் மாட்டுப்பட்டால் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். அதைக் கேட்டுக் கோபித்துக்கொண்டு போகிற நெல், போகட்டும்.

ஆளியை ஆரும் அமத்தலாம் என்று நான் சொன்னது உங்களைக் குறைப்பதற்கு இல்லை. நீங்கள் தேநீர் குடிக்கப் போகிற நேரத்திலும் ஆட்களுக்குக் கை இருக்கவேண்டும் என்பதற்காக.

கதைக்கமாட்டீர்கள் என்றால் சரி, நானும் போன் எடுக்கமாட்டேன். நான் மாமியோடு கதைக்கும்போது பின்னாலிருந்து கனைக்கவேண்டாம். நன்றாகக் கேட்கிறது.

உங்கள் மருமகள்
ஜெயரூபி

*

துணுக்காய்
2025 பெப்ரவரி 5

உபதேச அம்மனுக்கு,

உன் வகுப்பு பலித்துவிட்டது. வெடி கொளுத்திக் கொண்டாடு.

திங்கட்கிழமை காலையில் உழவு இயந்திரங்கள் நெல் மூட்டைகளோடு ஆலை வாசலிலிருந்து கொழும்பு வரைக்கும் வரிசையில் நின்றன. சரி, மல்லாவிச் சந்தி வரைக்கும். தேங்காய் உடைத்து, மெசினுக்குச் சந்தனம் வைத்து, நான் ஆளியைத் தட்ட, புதுநெல் குழியில் விழுந்த சத்தம் தேவலோகத்து மேளம் போல இருந்தது.

வீரகத்தியை உனக்குத் தெரியும். உன் வகுப்பில் முன்வரிசையில் இருந்து நித்திரை கொண்டவன். ஒரு தோளில் இரண்டு மூட்டை தூக்குகிறவன். பெல்ட்டுக்குக் கீழே சேர்ந்த உமியை வழிக்கக் குனிந்தான். அவனுடைய சாரத்தின் தலைப்பு பெல்ட்டோடு போனது. சாரம் போனால் ஆளும் பின்னால் போகத்தானே வேண்டும். நான் மெசினுக்கு மற்றப் பக்கத்தில் நின்றேன். கண்டவுடன் பொலியை வாழ்த்தத் தொடங்கினேன். முதலாம் வாழ்த்தில் அவன் சரிந்தான். இரண்டாம் வாழ்த்தில்

சாக்குத் தைக்கிற ராஜினி ஊசியை எறிந்துவிட்டு, ‘நிப்பாட்டு’ என்று கத்திக்கொண்டே போய்ச் சிவப்பு ஆளியில் அடித்தாள்.

மெசின் நின்றது. சாரம் பெல்ட்டில், வீரகத்தி நிலத்தில், உள்காற்சட்டையோடு. தொடையில் ஒரு சிவப்புக் கோடு. அவ்வளவுதான். ஆனால் மேலே ஏறிக்கொண்டிருந்த நெல் முழுவதும் குழாய்க்குள் இறுகிவிட்டது. அதைக் கழற்றிக் கிண்டி எடுக்கப் பின்னேரமாகிவிட்டது. வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் வேறு மில்லுக்குத் திருப்பிக்கொண்டு போனார்கள். முதலாளி ஓடிவந்து, ஆருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை என்றோம்.

“ஒண்டும் நடக்காததுக்கோ மெசினை நிப்பாட்டினனீ?” என்று ராஜினியைக் கேட்டார். அவள் சொல்லத் தொடங்க முதலே, நாளைக்கு வரவேண்டாம் என்றுவிட்டார்.

எனக்கும் கோபம்தான். புதுநெல்லின் முதல் நாளில் அந்தச் சொல்லைச் சொன்னவள் அவள். ஆலையில் பாதிப் பேர் அப்படித்தான் முணுமுணுத்தார்கள். முதலாளி சொல்லும்போது நான் பேசாமல் நின்றேன்.

வீரகத்தி இன்னும் வேலைக்கு வரவில்லை. மாமி சோற்றைப் போட்டுவிட்டு ஒரு சொல்லும் கதைப்பதில்லை. உன்னைத் தொட்ட வியாதி என் வீட்டுக் குசினிக்குள்ளும் வந்துவிட்டது.

பொன்னையா

*

வவுனியா
2025 பெப்ரவரி 6

மாமா,

‘அன்புள்ள’ போடவில்லை. வேண்டுமென்றுதான்.

உங்கள் கடிதத்தில் இரண்டாம் வாழ்த்தில் என்று எழுதிவிட்டு அந்த வசனத்தை முடிக்காமல் விட்டிருக்கிறீர்கள். உமிப்புயலை ஊதித் திருப்பிய கதைக்கு உங்களுக்குச் சொல் வருகிறது. இதற்கு மட்டும் ஏன் வரவில்லை? முடியுங்கோ.

ராஜினி அக்காவுக்குப் போன் எடுத்தேன். அவா அழவில்லை. “நான் பிழை செய்தனானோ, தங்கச்சி?” என்று மட்டும் கேட்டா. அவா செய்தது நான் படிப்பித்ததை. அன்றைக்கு அந்த ஆலையில் முழித்துக்கொண்டு வகுப்பைக் கேட்டது அவா ஒருவர்தான். அதற்குத்தான் வேலை போயிருக்கிறது. அந்தப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு மாதம் முழுக்க வேலை தருகிற இடம் வேறு இல்லை என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அவாவின் தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் உலை வைப்பது அந்தக் கைதான்.

உங்கள் முதலாளி எங்கள் கந்தோருக்கும் போன் எடுத்தார். கொழும்பிலிருந்து அரிசி வாங்குகிறவர்கள் திங்கட்கிழமை பார்க்க வருகிறார்களாம். அதற்கு முதல் நான் வந்து இன்னொரு வகுப்பு எடுத்து, இது விபத்தே நடக்காத ஆலை என்று சான்றிதழ் தரவேண்டுமாம். ராஜினி அக்கா முன்வரிசையில் இருந்தால் வருகிறேன், இல்லாவிட்டால் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மேலதிகாரி மேசையில் அடித்துக் கத்தினார். மேசை அவருடையது, அடிக்கட்டும்.

விபத்து நடந்தால் அதைக் காட்டலாம், கட்டுப் போட்ட கையைக் காட்டலாம். நடக்காமல் போனதை எதைக் கொண்டு காட்டுவது? கண்டவர்கள்தான் வாய் திறக்கவேண்டும். நீங்கள் கண்டீர்கள்.

ஜெயரூபி

*

துணுக்காய்
2025 பெப்ரவரி 8

மருமகளே,

முடிக்கிறேன்.

இரண்டாம் வாழ்த்தில் வீரகத்தி என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு கையாலும் மெசின் காலைக் கட்டிப்பிடித்திருந்தான். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. அவன் கத்தவில்லை, பிள்ளை. என்னுடைய மூன்றாம் வாழ்த்துக்காகக் காத்துக்கொண்டிருந்தான். அப்படித்தானே பழக்கியிருந்தேன்.

இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை.

நேற்று வேட்டி கட்டி, திருநீறு பூசி, கந்தோருக்குள் போய் முதலாளிக்கு முன்னால் நின்று இதை அப்படியே சொன்னேன். ராஜினி அமத்தாமல் விட்டிருந்தால் அந்த மனிதன் இன்றைக்கு இல்லை என்றேன். அவர் கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

“பொன்னையாண்ணை, போன வரியம் வவுனிக்குளத்து முதலை நடந்து வந்து எங்கட தவிட்டுச் சாக்கைத் திண்டது எண்டும் நீங்கள்தான் சொன்னனீங்கள்.”

வெளியில் நின்ற பொடியளும் சிரித்தார்கள். முதலை வந்தது உண்மை. அதன் நீளத்தில்தான் கொஞ்சம் கைவைத்தேன். தவிடு தின்றதிலும் கொஞ்சம். என் சீவியத்தில் முதல்தரமாக ஒரு விசயத்தைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லப் போனேன். அதற்கு என் மற்றக் கதைகள் எல்லாம் எழும்பி வந்து குறுக்கே நின்றன. சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு கூட்டத்தை நான் நல்லூர்த் தேர்த்திருவிழாவிலும் கண்டதில்லை.

வீரகத்தியைக் கூட்டிக்கொண்டு வருகிறேன், அவனையே கேளுங்கள் என்றேன். சாரம் கட்டி வரக்கூடாது என்று வகுப்பில் சொன்னது, அவன் கட்டி வந்தான், வாயைத் திறந்தால் அவனும் வீட்டுக்குப் போகலாம் என்றார். வீரகத்தியின் வீட்டுக்கும் போனேன். வாழைக்குப் பின்னால் நின்று, தான் வீட்டில் இல்லையென்று பெண்சாதியைக் கொண்டு சொல்வித்தான். அந்த உடம்பை மறைக்கிற வாழை இன்னும் இந்த உலகத்தில் முளைக்கவில்லை.

சொல்லி நம்பவைக்க முடியாதென்றால் சொல்லிப் பயனில்லை. திங்கட்கிழமை நீ இந்தப் பக்கம் வரவேண்டாம். மேசையில் அடிக்கிற மனிதனிடம் நீயும் வேலையைப் பறிகொடுத்துவிட்டு நிற்கக்கூடாது.

மாமா

*

வவுனியா
2025 பெப்ரவரி 9

அன்புள்ள மாமா,

என்ன செய்யப்போகிறீர்கள்? மாமியைக் கேட்டால் அவாவும் சொல்கிறா இல்லை, சிரிக்கிறா. அது எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

தனியாக ஒன்றும் செய்யவேண்டாம். தனியாக நின்றால் கிழவனுக்கு விசர் என்று சொல்லி இறக்கிவிடுவார்கள். ராஜினி அக்காவைக் கேட்காமலும் செய்யவேண்டாம். வேலை அவாவுடையது.

ஒன்று மட்டும். மெசின் ஓடும்போது அதற்குள் கையை வைத்து வீரம் காட்டவேண்டாம். உங்களை எனக்குத் தெரியும்.

ஜெயரூபி

*

துணுக்காய்
2025 பெப்ரவரி 12

அன்பு மருமகளுக்கு,

கையை வைக்கவில்லை. பத்து விரலும் இருக்கின்றன, எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் எழுதத் தொடங்கினேன். உன் கடிதம் காலை பஸ்ஸில் வந்தவுடன், நீ சொன்னபடி ஞாயிற்றுக்கிழமையே மாமியும் நானும் ராஜினியிடம் போனோம். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன், மாமிதான் கதைத்தார். ராஜினி கேட்டது ஒன்றுதான். எனக்காகக் கெஞ்சமாட்டீங்கள்தானே என்றாள். கெஞ்சமாட்டோம் என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து வீடு வீடாகப் போய் ஆலைப் பெண்கள் எல்லோரோடும் கதைத்தோம். வீரகத்தி வீட்டில் மாமி மட்டும் உள்ளே போனார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. வாழைப்பக்கம் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது.

திங்கட்கிழமை வரிசை இந்தியா வரைக்கும் போனது. கொழும்புக்காரர் வெள்ளைச் சேட்டும் சப்பாத்துமாக முதலாளியோடு நின்றார்கள். மெசின் முழு வேகத்தில் ஓடியது. நான் பொலியை வாழ்த்துவேன் என்று முதலாளி என்னைப் பெருமையாகக் காட்டினார். நெல் ஆலையில் பழைய முறை, ஐயா, கேளுங்கோ என்றார்.

நான் வாயைத் திறந்தேன். என் சீவியத்தில் புதுநெல்லுக்கு முன்னால் சொல்லாத அந்தச் சொல்லைச் சொன்னேன். நாக்கு அறுந்து விழவில்லை. எனக்குப் பின்னால் சாக்குத் தைக்கிற பெண்கள் எல்லோரும் சொன்னார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் சொன்னார்கள். நிப்பாட்டு, நிப்பாட்டு என்று முழு ஆலையும் சொன்னது. நானே போய்ச் சிவப்பு ஆளியை அமத்தினேன். முதலிலேயே குழியில் நெல்லைக் குறைத்திருந்தோம், குழாய் இறுகவில்லை. இது கோபத்தில் செய்த வேலையில்லை, பிள்ளை, ஆறுதலாக இருந்து யோசித்துச் செய்த வேலை.

மெசின் நின்றதும் எல்லோரும் நெல் மூட்டைகளில் ஏறி இருந்துவிட்டார்கள்.

முதலாளி பல்லுக்குள்ளால் என்ன வேணும் என்று கேட்டார். ராஜினி திரும்ப வரவேண்டும், பெல்ட்டுக்குக் கூடு வரவேண்டும் என்றேன். போன திங்கட்கிழமை ஒன்றுமே நடக்கவில்லை, கிழவர் கதை அளக்கிறார், ஊருக்கே தெரியும் என்று கொழும்புக்காரரிடம் சொன்னார். அவர்கள் என்னைப் பார்த்தார்கள். என்னுடைய கதைக்கு அங்கே விலையில்லை என்று எனக்குத்தான் தெரியுமே.

மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து வீரகத்தி எழும்பி வந்தான். காற்சட்டை போட்டிருந்தான், பள்ளிக்கூடப் பிள்ளை போல இருந்தது. கையில் ஒரு துணிச் சுருணை. அதை எல்லோருக்கும் முன்னால் விரித்தான். பெல்ட் கடித்துக் கிழித்து, கிறீஸ் பிடித்து, கயிறு போல முறுகின சாரம்.

“இது என்ர சாரம்,” என்றான். “இதுக்குள்ள நான் நிண்டனான்.”

அவ்வளவுதான் சொன்னான். அதற்குப் பிறகு ஒருவரும் முதலையைப் பற்றிக் கதைக்கவில்லை. வரிசையில் நின்ற கமக்காரர் ஒருவர் இறங்கி வந்து அந்தத் துணியைக் கையில் தூக்கிப் பார்த்துவிட்டு, தன்னுடைய உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு அதன் நிழலில் போய் இருந்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

முதலாளி கந்தோருக்குள் போனார், வந்தார், திரும்பப் போனார். கடைசியில், சரி, ராஜினி வரட்டும், ஆனால் பதறிப்போய்த்தான் அமத்தினேன், இனி முதலாளியைக் கேட்காமல் தொடமாட்டேன் என்று எல்லோருக்கும் முன்னால் சொல்லட்டும் என்றார்.

ராஜினி வாசலுக்கு வெளியே, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கூப்பிட்டோம். உள்ளே காலை வைக்காமல், வாசலில் நின்றபடியே கேட்டாள். பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்.

“நான் பதறேல்லை. நாளைக்கும் ஆரும் மாட்டுப்பட்டா நாளைக்கும் அமத்துவன். உங்களையும் கேக்கமாட்டன், ஒருத்தரையும் கேக்கமாட்டன். அதுக்கு ஓம் எண்டா உள்ளுக்கு வாறன்.”

முதலாளி வரிசையைப் பார்த்தார். கொழும்புக்காரரைப் பார்த்தார். அவர்களில் ஒருவர் தன்னுடைய கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“ஓம்,” என்றார் முதலாளி.

ராஜினி சைக்கிளை உள்ளே உருட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்கு எதுவும் நடக்காமல் போகுமா? மெசின் தலைவர் பதவி அன்றைக்கே பறிக்கப்பட்டது. இப்போது நான் உமி அள்ளுகிறேன். உமி அள்ளுவதற்கும் ஒரு கம்பீரம் வேண்டும். இந்த மாவட்டத்திலேயே இவ்வளவு மிடுக்காக உமி அள்ளுகிற ஆளை நீ காணமாட்டாய். உன் மேலதிகாரி உன்னை என்ன செய்தார் என்று எழுது. அவர் உன்னை அனுப்பிவிட்டால் இங்கே வா, உனக்கும் ஒரு கூடை இருக்கிறது.

கம்பிக்கூடு வெள்ளிக்கிழமை வரும் என்கிறார்கள். வராவிட்டால் சனிக்கிழமை மெசின் ஓடாது.

இன்று காலையில் ஒன்று நடந்தது. உமிக் கூடையோடு பெல்ட்டுக்குப் பக்கத்தால் போனேன். என் தோளில் துவாய் தொங்கியது. நான் குனியவில்லை, கொஞ்சம் சரிந்து எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். நிப்பாட்டு என்று ஒரு சத்தம், இடி விழுந்த மாதிரி. ராஜினியில்லை, வீரகத்தி. மெசின் நின்றது. முழு ஆலையும் என் துவாயைப் பார்த்தது. நான் அதை எடுத்து மடித்து, கூடைக்குள் வைத்தேன்.

முதலாளி கந்தோர்க் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். ஒருவரும் அவருக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார்.

மாமா